வேதத்தில் இல்லாத சத்திரக்காரர்

நவம்பர் 11

காலைப் பூசை முடிந்ததும் புதுப் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எனக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் அவனைவிட இளையவராக இருப்பார். ஆனாலும் உட்காரச் சொல்லிவிட்டுத்தான் தாம் உட்கார்ந்தார். நல்ல வளர்ப்பு.

"அம்மா, இந்த வருஷம் உங்க கிறிஸ்துமஸ் நாடகத்த ஒரு சின்னப் புத்தகமா அச்சடிச்சுக் குடுத்துடலாமா? ஒவ்வொரு காட்சிக்கும் ஓரத்துல பைபிள்ல எந்த இடம்னு போட்டுடுங்க. எது வேதம், எது வழக்கம்னு ஆளுங்க கேக்கறாங்க."

வழக்கமாம்! "ஃபாதர், அந்த நாடகத்துல வேதத்துல இல்லாத ஒரு வரி கிடையாது" என்றேன்.

"அப்ப உங்களுக்கு வேலை சுலபம்" என்று சிரித்தார்.

முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவள் நான். மூலப்படியில் இல்லாத ஒன்று அச்சில் ஏறினால் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. கான்வென்டில் மறைக்கல்விக்கு மூன்று வருடம் தொடர்ந்து பதக்கம் வாங்கியவள். இதை எழுதுவதில் கொஞ்சம் பெருமை இருக்கிறது. இருக்கட்டும்.

நவம்பர் 14

முன்னறையில் முதல் ஒத்திகை. மரியாளாக இந்த வருடம் மருந்துக்கடைக்காரர் மகள். குரல் எழும்பவில்லை. மூன்று ராஜாக்களில் ஒருவன் சும்மா சும்மா சிரிக்கிறான். சரிசெய்யக்கூடியவைதான்.

எல்லாரும் போன பிறகு சத்திரக்காரர் மட்டும் நின்றார். படங்களுக்குக் கண்ணாடியும் சட்டமும் போடும் கடை வைத்திருப்பவர். ஆனால் பங்கில் யாரும் அவரை அப்படிச் சொல்வதில்லை. இருபத்தாறு வருடமாக என் நாடகத்தில் மரியாளையும் சூசையப்பரையும் விரட்டுகிற சத்திரக்காரன் அவர்தான். அகன்ற தோள், அடர்ந்த புருவம், மேடை அதிரும் குரல். கதவைத் திறந்து "இடமில்ல, போங்க!" என்று அவர் கத்தியதும் பிள்ளைகள் அவர்மேல் காகித உருண்டைகளை எறிவார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த பழக்கம் அது. இப்போது அதற்காகவே பாதிப்பேர் வருகிறார்கள். காகிதம் நான் கொடுப்பதுதான். அச்சகத்திலிருந்து கொண்டுவந்த பழைய மெய்ப்புத் தாள்கள்.

"அம்மா, இந்த வருஷம் அந்த வேஷத்துக்கு வேற யாரையாவது போட்டுக்கறீங்களா?"

"ஏன், உடம்புக்கு என்ன?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. பொண்ணு வந்திருக்கு, எட்டு மாசம். கிறிஸ்துமஸுக்குச் சம்பந்தி வீட்டுலேருந்து வராங்க. நாடகத்துக்கும் வருவாங்க. மாசமா இருக்கற பொண்ண நான் விரட்டறதும், பசங்க என்னை அடிக்கறதும்... அவங்க பாக்கறப்ப ஒரு மாதிரி இருக்கும்மா."

"நடிப்புதானே?"

"நடிப்புதான். இந்தக் குரலுக்கு வேற ஆள் கிடைக்கலைன்னா, அந்த ஒரு இடத்த மட்டும் எடுத்துட முடியாதா?"

"நானா எழுதினதா இருந்தா எடுத்துடுவேன். வேதத்துல இருக்கு. உங்களுக்காக வேதத்த மாத்த முடியுமா?"

கொஞ்சம் யோசித்தார். "அதுவும் சரிதாம்மா" என்று போய்விட்டார்.

சரியான பதில்தான். ஒருவருக்கு வளைந்தால் அப்புறம் ஆளாளுக்கு வளைய வேண்டியிருக்கும்.

நவம்பர் 15

மூட்டு வலி. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 17

ஓரக்குறிப்பு வேலையைத் தொடங்கினேன். அச்சகத்தில் செய்தபடியே: மூலப்படி இடப்பக்கம், நாடகப் பிரதி வலப்பக்கம், வரிக்கு அடியில் அளவுகோல்.

முதல் காட்சி, வானதூதர் வருகை. லூக்கா முதல் அதிகாரம். பிசிறில்லாமல் இருக்கிறது.

இரண்டாம் காட்சி, பயணம். லூக்கா இரண்டாம் அதிகாரம். சூசையப்பர் இருக்கிறார், மரியாள் இருக்கிறாள். கழுதை இல்லை. மத்தேயுவில் தேடினேன். அங்கேயும் இல்லை.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். என் கணவரின் தங்கை. இருபது வருடமாக இந்த வீட்டில் என்னோடு இருக்கிறாள். தொலைபேசி நிலைய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், வாய்க்கு மட்டும் ஓய்வு கொடுக்கவில்லை.

"கழுதை இல்லைன்னா எப்படிப் போனாங்களாம் அண்ணி? நடந்தா?"

"எழுதலை."

"போன வருஷம்தான் அந்தக் கழுதைத் தலைக்குப் புதுக் காது தைச்சேன். அத இப்ப நான் மாட்டிக்கறதா?"

இன்னொன்றும் கண்ணில் பட்டது. நாடகத்தில், ஊருக்குள் நுழைந்த இரவே மரியாளுக்கு வலி எடுக்கிறது. லூக்கா அப்படிச் சொல்லவில்லை. அவர்கள் அங்கே இருந்தபோது பேறுகாலம் வந்தது என்கிறார். ஒரு நாளா, ஒரு மாதமா? சொல்லவில்லை. அவசரம் முழுவதும் என்னுடையது.

நவம்பர் 18

மூன்றாம் காட்சி.

காலையிலிருந்து நான்கு தடவை படித்துவிட்டேன். சத்திரத்தில் இடம் கிடைக்காததால் பிள்ளையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தினாள் — இவ்வளவுதான். ஒரே வாக்கியம். யாரும் கதவைத் தட்டவில்லை. யாரும் திறக்கவில்லை. யாரும் யாரையும் விரட்டவில்லை. சத்திரக்காரன் என்று ஒருவன் நான்கு நற்செய்திகளிலும் இல்லை. மாட்டுத் தொழுவம் என்ற சொல்கூட இல்லை. தொட்டி இருந்தது என்பதால் அதைச் சுற்றி நாமே தொழுவம் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

என் நாடகத்தில் அவனுக்குப் பதினான்கு வரி.

இதே பகுதியை, பூசை வாசகப் புத்தகத்துக்காக, மூன்று பதிப்புகளுக்கு நானே மெய்ப்புப் பார்த்திருக்கிறேன். எழுத்தைப் பார்த்தேன். புள்ளியைப் பார்த்தேன். என்ன சொல்லியிருக்கிறது என்று பார்க்கவில்லை.

"உங்களுக்காக வேதத்த மாத்த முடியுமா?" — அந்த மனிதரிடம் அப்படித்தானே கேட்டேன்?

நவம்பர் 19

மிச்சத்தையும் பார்த்துவிட்டேன். வானதூதர்கள் பாடினார்கள் என்று இல்லை, புகழ்ந்து சொன்னார்கள் என்றுதான் இருக்கிறது. கிழக்கிலிருந்து வந்தவர்கள் ராஜாக்கள் இல்லை, ஞானிகள். மூன்று பேர் என்றும் இல்லை. காணிக்கை மூன்று, அதைக்கொண்டு தலையை எண்ணிவிட்டோம். அவர்கள் வந்தது தொட்டிக்கு முன் அல்ல, ஒரு வீட்டுக்குள். அதுவும் அதே இரவு என்று எங்கே இருக்கிறது? டிசம்பர் மாதம் என்பதற்கும் ஒரு வரி கிடையாது.

ஓரத்தில் 'மூலத்தில் இல்லை' குறியைப் போட்டுப் போட்டுப் பென்சில் மழுங்கிவிட்டது.

"மிச்சம் யாராவது இருக்காங்களா அண்ணி, இல்ல எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 20

ஓரக்குறிப்பு எதுவரை வந்தது என்று கோயில் வாசலில் பங்குத்தந்தை கேட்டார். "நடந்துட்டிருக்கு ஃபாதர்" என்றேன்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் காட்சிக்கு எதிரே 'லூக்கா 2:7' என்று மையால் எழுதிவிட்டேன். பதினான்கு வரிக்கும் சேர்த்து. யார் எடுத்துப் பார்க்கப்போகிறார்கள்? 'சத்திரம்' என்ற சொல் அங்கே இருக்கத்தானே இருக்கிறது.

அச்சகத்தில் ஒருத்தி இதைவிடச் சிறிய பொய்க்குறிப்புப் போட்டபோது, இவள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்று நிர்வாகிக்கு எழுதிக் கொடுத்தவள் நான்.

நவம்பர் 24

இரண்டாம் ஒத்திகை. அவர் வந்தார். வேஷத்தை மாற்றச் சொல்லி மறுபடி கேட்கவில்லை. பிள்ளைகளும் பழகட்டும் என்று காகிதக் கட்டைக் கொடுத்தேன். ஆம், நான்தான் கொடுத்தேன். ஓர் உருண்டை அவர் மூக்குக்கண்ணாடியில் பட்டுக் கண்ணாடி கீழே விழுந்தது. குனிந்து எடுத்து, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்:

"இன்னொரு தடவை போலாமாம்மா?"

"போலாம்" என்றேன்.

ஆறு நாளாகத் தெரியும். தெரிந்தும் சொன்னேன். அதற்குப் பெயர் என்ன என்று எனக்குக் கான்வென்டில் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

நவம்பர் 27

அவர் மகள் வந்தாள். மாடிப்படி ஏறிய களைப்பு தீர ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.

"உங்களோட சண்ட போட வரல ஆன்ட்டி. அப்பாவுக்கு நான் வந்தது தெரியாது."

சொல் என்றேன்.

"ஸ்கூல்ல என்னை எல்லாரும் 'சத்திரம்'னுதான் கூப்பிடுவாங்க. பஸ்ல ஏறினா, 'இடமில்ல, போ'ன்னு கோரஸா கத்துவாங்க. காலேஜ் போன பிறகுதான் அது நின்னுச்சு. அத விடுங்க. போன வாரம் செக்கப்புக்கு அப்பாவோட போனேன். அங்க மருந்து குடுக்கறவர் நம்ம பங்குதான். அப்பாவப் பாத்து, 'என்ன சத்திரக்காரரே, இன்னைக்கு உங்களுக்கே இடமில்ல'ன்னு சொல்லிச் சிரிச்சார். அப்பாவும் சிரிச்சார். அவர் சொன்னது எனக்குப் பெருசா தெரியல. அப்பா சிரிச்சதுதான் தாங்கல."

மேசைமேல் கிடந்த நாடகப் பிரதியைக் கவிழ்த்து வைத்தேன்.

"ஏம்பா இத விடமாட்டேங்கறேன்னு வீட்டுல கேட்டேன். 'வேதத்துல இருக்காம்மா, அவங்க சொன்னாங்க. யாராவது ஒருத்தர் செஞ்சுதானே ஆகணும்'ங்கறார். நீங்க சொன்னா கேப்பார் ஆன்ட்டி. உங்க வார்த்தைன்னா அவருக்கு வேதவாக்கு."

இல்லையம்மா, அது வேதத்தில் இல்லை. வாய்வரை வந்தது. சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். குடித்துவிட்டுப் போனாள்.

நாத்தனார் சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். வந்து டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு கிண்டல் இல்லை, ஒரு சொல் இல்லை. அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

நவம்பர் 28

எழுதிவிடுகிறேன். வேறு எங்கே எழுதுவது?

மூன்றாம் காட்சிக்கு மூலம் இருக்கிறது. அது லூக்கா இல்லை.

இருபத்தேழு வருடத்துக்கு முன் என் கணவர் இறந்தார். முப்பதாம் நாள் பூசைக்கு அவர் படம் வேண்டும். வெள்ளைச் சேலையில், கையில் படத்தோடு, சட்டம் போடத் தனியாகச் சத்திரக்காரர் கடைக்குப் போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது. தட்டினேன். அவர் தலையை மட்டும் நீட்டி, "இன்னைக்கு முடியாதும்மா, போயிட்டு வாங்க" என்றார். கதவு மூடிக்கொண்டது. தெருவில் நாலு பேர் பார்த்தார்கள். நான் யாரிடமும் எதையும் இரண்டாம் தடவை கேட்டவள் இல்லை. படத்தை அட்டையில் ஒட்டிப் பூசையில் வைத்தோம். பூசை நடுவில் அது சரிந்து குப்புற விழுந்தது. யாரோ ஒரு பெண் சிரிப்பை அடக்கியது என் காதில் விழுந்தது.

அடுத்த வருடம் அப்போதைய பங்குத்தந்தை நாடகம் எழுதச் சொன்னார். மற்றக் காட்சிகளுக்குக் கான்வென்டில் பார்த்த நாடகத்தை நினைவிலிருந்து எடுத்தேன். மூன்றாம் காட்சிக்கு எதையும் நினைவுபடுத்த வேண்டியிருக்கவில்லை. ஒரே மூச்சில் எழுதினேன். முதல் பிரதியில் சத்திரக்காரன், "இன்னைக்கு முடியாது, போங்க" என்றுதான் சொல்வான். பிறகு அதை 'இடமில்ல' என்று மாற்றினேன்.

எழுதி முடித்து நானே அவர் கடைக்குப் போனேன். "உங்க குரல் நல்லா இருக்கு, ஒரு வேஷம் இருக்கு, நடிக்கறீங்களா?" என்று கேட்டேன். மனிதர் பூரித்துப்போனார்.

இதை மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு வருடமும் முதல் உருண்டை அவர்மேல் படும்போது எனக்குள் ஏதோ ஒன்று சமாதானமாகும். கலைத்திருப்தி என்று நினைத்துக்கொள்வேன்.

வெட்கம் என்பது இத்தனை நாளும் நான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். உனக்கு வெட்கமாக இல்லையா, உனக்கு வெட்கமாக இல்லையா என்று எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்?

டிசம்பர் 1

கடைக்குப் போனேன். கண்ணாடிமேல் கோடு கிழித்துக்கொண்டிருந்தார். விளிம்பில் ஒரு தட்டு, நூல் பிடித்தாற்போல் பிளந்தது.

"வாங்கம்மா. சொல்லி அனுப்பினா நானே வந்திருப்பேனே."

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும்.

"சத்திரக்காரன் வேதத்துல இல்ல."

"எந்த இடத்துல?"

"எந்த இடத்துலயும் இல்ல. சத்திரத்துல இடமில்லைன்னு ஒரு வார்த்தை இருக்கு. ஆள் இல்ல. நான் எழுதினது."

கண்ணாடித் துண்டை மெல்லக் கீழே வைத்தார்.

"அப்ப இருபத்தாறு வருஷமா, இல்லாத ஒரு ஆளுக்கு நான் அடி வாங்கினேனா?"

அவர் கேலியாகக் கேட்டாரா, கோபமாகக் கேட்டாரா, தெரியவில்லை. மிச்சத்தையும் சொன்னேன். படத்தை, கதவை, தெருவை.

"எந்தப் போட்டோம்மா?"

"என் வீட்டுக்காரர் போட்டோ."

நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே நினைவுபடுத்திப் பார்த்தார். "ஞாபகமில்லம்மா. சட்டத்துக்குக் கட்டை வராம இருந்திருக்கும். இல்ல எங்கயாவது கிளம்பிட்டிருந்திருப்பேன். நெஜமாவே ஞாபகமில்ல."

ஒரு காரணம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வீட்டில் சாவு, நோய், எதுவாக இருந்தாலும் சரி. திமிராகச் சொல்லியிருந்தாலும் சரி. ஒன்றும் இல்லை. இருபத்தேழு வருடமாக நான் சுமந்தது அவர் வாழ்க்கையில் ஒரு நிமிடமாகக்கூட இல்லை.

"அதுக்காகவா என்னை நடிக்கக் கூப்பிட்டீங்க?"

"அதுக்காகத்தான்."

கண்ணாடித் தூளைத் துணியால் ஒரு பக்கமாக ஒதுக்கினார்.

"என் குரல் நல்லாருக்குன்னு கூப்பிட்டீங்கன்னு நெனச்சேன்."

குரல் நல்ல குரல்தான். சொன்னால் நம்பவா போகிறார்?

நற்செய்தி வாசிப்பவராக வருகிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றுவிட்டார். "கீழ உக்காந்து பாக்கறேன். அந்த நாடகத்த நான் முன்னாடியிருந்து பாத்ததே இல்ல. ஒண்ணு மட்டும்மா. சம்பந்திங்க முன்னாடி இந்தப் பழைய கதை எதுவும் வரவேண்டாம்."

"வராது" என்றேன்.

டிசம்பர் 4

பொய்க்குறிப்பை அடித்துவிட்டுப் பிரதியைப் பங்குத்தந்தையிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். 

"அப்ப கழுதை, மூணு ராஜா எல்லாத்தையும் எடுத்துடணுமா ஃபாதர்?"

"இருந்துட்டுப் போகட்டும்மா. கழுதை யாருக்கும் ஒரு கெடுதலும் பண்ணலையே. ஓரத்துல 'வழக்கம்'னு போட்டுடுங்க, போதும்."

அப்படியே போட்டேன். வேதம், வழக்கம், வழக்கம், வேதம். மூன்றாம் காட்சியில் இனி வாசிப்பவர் அந்த ஒரு வாக்கியத்தை வாசிப்பார். இருவரும் மேடையைக் கடந்து தொட்டியருகே போய் உட்காருவார்கள். அவ்வளவுதான்.

நாத்தனார் இன்று மறுபடி பேசத் தொடங்கினாள். "கழுதை பிழைச்சுதா?" என்று கேட்டாள்.

டிசம்பர் 12

பிள்ளைகளுக்கு இந்த வருடம் காகிதம் கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். கிடையாது என்றால் கிடையாது என்றேன். காரணம் சொல்லும் பழக்கம் எனக்கு எப்போது இருந்தது?

டிசம்பர் 23

நாடகம் முடிந்தது. வீட்டுக்கு வந்து சேலைகூட மாற்றவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. மூன்றாம் வரிசையில் அவர், மனைவி, மகள், மருமகன், சம்பந்திகள் இருவர். இஸ்திரி போட்ட சட்டை. நாடகப் புத்தகத்தை விரித்து மடிமேல் வைத்திருந்தார். மற்றவர்கள் அதை விசிறியாக்கிக்கொண்டார்கள்.

மூன்றாம் காட்சி. வாசிப்பவர் வாசித்தார். இருவரும் நடந்தார்கள். பிள்ளைகள் வீட்டிலிருந்தே உருண்டை செய்து கொண்டுவந்திருக்கிறார்கள்! கையை ஓங்கிக்கொண்டு காத்திருந்தார்கள். கதவு இல்லை, ஆள் இல்லை. யாரோ ஒரு பிள்ளை, "சத்திரக்காரர் எங்க?" என்றது. பின்வரிசை பிடித்துக்கொண்டது. சத்-தி-ரம்! சத்-தி-ரம்! சூசையப்பர் வேஷம் போட்ட பையன் நடு மேடையில் நின்று என்னைப் பார்த்தான்.

அடுத்த காட்சிக்குக் கையைக் காட்டியிருந்தால் போதும். திரைக்குப் பின்னால் நின்று ஒரு கை அசைவு.

மேடைக்குப் போனேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. "அப்படி ஒருத்தர் வேதத்துல இல்ல" என்றேன். மண்டபம் அடங்கியது. அடங்கிய பிறகாவது இறங்கியிருக்கலாமே? "அந்த ஆளை நான் எழுதினேன். ஒரு கோபத்துல எழுதினேன். அதுக்காக ஒரு நல்ல மனுஷர இருபத்தாறு வருஷம் இங்க நிக்க வெச்சு அடிக்க விட்டேன். தப்பு என்னுது."

அத்தனை தலையும் மூன்றாம் வரிசைப் பக்கம் திரும்பியது.

அவர் மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கிருந்தோ ஓர் உருண்டை வந்து என் தோளில் பட்டது. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு, எழுதவே கூசுகிறது, பாரம் இறங்கியதுபோல் இருந்தது. அப்போதுதான் அவர் மகளின் முகத்தைப் பார்த்தேன்.

சம்பந்தியம்மா பக்கத்தில் இருந்தவளிடம், "இதுவும் நாடகத்துலயா?" என்று கேட்டாளாம். நாத்தனார் சொன்னாள்.

டிசம்பர் 24

பெயரைச் சொல்லவில்லையே என்று காலையிலிருந்து எனக்கு நானே வாதாடிக்கொண்டிருக்கிறேன். பெயர் எதற்கு? யாருக்குத் தெரியாது?

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. வேதத்தைத் திருத்தச் சொல்லவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. சம்பந்திகள் முன்னால் வேண்டாம். நான் "வராது" என்றேன். பிறகு முந்நூறு பேர் நடுவில், விளக்கு வெளிச்சத்தில், நானே கொண்டுவந்து வைத்தேன். பாவசங்கீர்த்தனம் கூண்டுக்குள் முழங்காலில் நின்று செய்ய வேண்டியது. நான் மேடையில் செய்தேன். அங்கேயும் முதல் வேஷம் எனக்குத்தான்.

"அண்ணி, சாப்பிட வாங்க" என்று மூன்று தடவை கூப்பிட்டுவிட்டாள்.

நாலாவது தடவை வந்து கதவருகில் நின்று சொன்னாள்: "நீங்க பண்ணினது தப்புதான். பட்டினி கிடந்தா அது சரியாயிடுமா? எந்திரிங்க."

டிசம்பர் 25

பூசைக்குப் போனேன். முதல் வரிசையில் உட்காரவில்லை. அவர்கள் வரவில்லை.

டிசம்பர் 30

பெண் குழந்தையாம். தாயும் சேயும் நலம். மருந்துக்கடைக்காரர் சொன்னார். போய்ப் பார்க்கும் தைரியம் இல்லை. போகும் உரிமையும் இல்லை.

ஜனவரி 6

மாலை நாலு மணிக்கு அவர் வந்தார். கையில் துணிப்பை. சத்திரக்காரன் அங்கியும் தலைப்பாகையும், துவைத்து மடித்து.

"இது எங்க வீட்டுலயே இருந்துச்சு. குடுத்துடலாம்னு வந்தேன்."

"உள்ளே வாங்க" என்றேன். அவர் தயங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருட ஒத்திகையிலும் அவர் என் முன்னறையில் உட்கார்ந்ததில்லை. மற்றவர்களுக்குப் பாய், நாற்காலி. அவர் வெளிப்படியில் நிற்பார். அவர் முறை வந்ததும் உள்ளே வந்து கத்திவிட்டுப் படிக்குப் போய்விடுவார். அவருடைய காட்சி வெளியிலிருந்துதானே வருகிறது என்று நான் வைத்த ஏற்பாடு.

நாற்காலியில் மடித்த துணிகள் குவிந்திருந்தன. இரண்டு கையாலும் அள்ளிக் கட்டிலில் போட்டேன். உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்க சொல்லியிருக்கக் கூடாதும்மா. வராதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"எனக்கு மூஞ்சிய எங்க வெச்சுக்கறதுன்னு தெரியல. சம்பந்தி யாரு அந்த ஆளுன்னு கேட்டார். நான்தான்னேன். வேற என்ன சொல்றது, ஹாலே என்னைப் பாக்குது. ரெண்டு நாள் அவர் அதப் பத்திப் பேசல. அந்த ரெண்டு நாளும் நான் சாப்பிட்டது எனக்கே தெரியல. அப்புறம் கொழந்த பொறந்த அன்னைக்கு அவரே வந்து, 'ஏன் சம்பந்தி, இன்னும் நாலு நாள் தங்கலாமா, இல்ல இடமில்லைன்னுடுவீங்களா'ன்னார். எல்லாரும் சிரிச்சுட்டோம். எம் பொண்ணுதான் சிரிக்கல. அவளுக்கு உங்க மேல கோபம் இருக்கு. இருக்கட்டும், நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லாதீங்க. அவ கோபம் நியாயம்தான்."

நாத்தனார் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். முழு டம்ளரையும் குடித்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. சுவரில் மாட்டியிருந்த படங்களைத் தொழில்காரர் பார்வையில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அடுத்த வருஷம் நாடகம் உண்டாம்மா?"

"ஃபாதர் உண்டுன்னார். நடத்தப்போறது நான் இல்ல. எழுதிக் குடுக்கறதோட சரி."

"அந்த ஆட்டிடையர் வேஷம். போன தடவை பண்ணினவன் வேற ஊருக்குப் போயிட்டான். குரலும் பத்தல அவனுக்கு." டம்ளரைத் தள்ளி வைத்தார். "ஆட்டிடையர் வேதத்துல இருக்காரில்ல? நல்லாப் பாத்தீங்களா?"

"இருக்கார்" என்றேன். ஆனாலும் எழுந்து போய் வேதத்தை எடுத்துவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அவர் பார்க்கவே பக்கத்தைத் திருப்பி, வரிக்கு அடியில் விரலை வைத்து இன்னொரு தடவை பார்த்தேன்.